மரக்காலும் மண்பானையும்: நாம் உண்ணும் சோற்றின் வரலாறு

நமது கல்விச் சங்கம் தொடங்கப்பெற்ற நாளில் அதற்கென்று நிதி ஏதும் இருக்கவில்லை. வெளியூரிலிருந்து வந்து படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு விடுதி வேண்டும் என்று முடிவெடுத்தபோது, அவர்களுக்குச் சோறு எங்கிருந்து வரும் என்னும் கேள்வியே முதலில் எழுந்தது. உலை வைக்கும் வேளையில் ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் இட்டு வைக்குமாறு நம் தாய்மார்களை வேண்டிக்கொண்டோம். வாரம் ஒருமுறை இளைஞர்கள் வீடு வீடாகச் சென்று அந்தப் பிடி அரிசியைத் திரட்டி வந்தார்கள். கூலி கிடைக்காத வாரத்திலும் அந்தக் கலயம் வெறுமையாக இருந்ததில்லை. இன்று இம்மலரைக் கையில் எடுக்கும் இளைஞர் பலர் அந்த அரிசியை உண்டு வளர்ந்தவர்கள்.

அதே விடுதியில் நாம் கண்ட மற்றொரு காட்சியையும் மறைக்காமல் கூறவேண்டும். மாணவன் ஒருவன் தன் தாய் கொடுத்தனுப்பிய கேழ்வரகுக் கூழைப் பள்ளியின் பின்சுவரோரம் மறைந்து நின்று குடித்துவிட்டு, தூக்குவாளியைக் கழுவிப் பைக்குள் ஒளித்து வைத்துக்கொண்டு வகுப்புக்குச் செல்வான். ஏன் இப்படி என்று கேட்டபோது அவன் தலை குனிந்து நின்றானே அன்றி விடை கூறவில்லை. உணவு இல்லாமையைக் காட்டிலும் உண்ணும் உணவைக் கண்டு நாணுவது கொடியது என்பதை அன்று உணர்ந்தோம். அந்த நாணம் அச்சிறுவனிடம் தானாகத் தோன்றியதன்று. அதற்கு நீண்ட வரலாறு உண்டு. அவ்வரலாற்றை அறிந்தாலன்றி நம் தட்டில் இருப்பதை நாம் தலைநிமிர்ந்து உண்ண இயலாது. ஆகவேதான் இந்த வெள்ளிவிழா மலரில் சோற்றின் வரலாற்றைச் சொல்லத் துணிந்தோம்.

அளந்து கொடுத்தவர் யார்?

காவிரிப் பாசனப் பகுதியிலும் பாலாற்றுப் பகுதியிலும் நெல்லை விளைவித்த கைகள் நம் முன்னோருடையவை. நாற்றுவிட்டவர்கள், நட்டவர்கள், களை பறித்தவர்கள், அறுத்துக் களம் சேர்த்தவர்கள் அனைவரும் அவர்களே. ஆயினும் களத்தில் குவிந்த நெல்லை அளக்கும் மரக்கால் அவர்கள் கையில் இருந்ததில்லை. அளப்பவன் ஒருவன், பெறுபவன் வேறொருவன் என்னும் இந்த ஏற்பாடே நம் வரலாற்றின் அடிப்படை. பணத்துக்குப் பதிலாகத் தானியமே கூலியாக இருந்தமையால், கூலி குறைந்தது என்றால் அன்றைய உலையில் அரிசி குறைந்தது என்றே பொருள். பதர் கலந்த நெல்லும், அடியில் கிடந்த தூசி நெல்லும் பல இடங்களில் கூலியாகத் தள்ளப்பட்டன. நண்பகலில் வயல்வரப்பில் மண்ணைக் குழித்து, அதில் இலையை விரித்து, எட்ட நின்று கஞ்சி ஊற்றிய வழக்கத்தை நம் பாட்டன்மார் வாய்மொழியாகக் கேட்டிருக்கிறோம்.

1843-ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் அடிமை முறையை நீதிமன்றங்கள் ஏற்கலாகாது என்று விதித்தது. 1860-இல் இயற்றப்பெற்று 1862-இல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டம் மனிதரை அடிமையாக விற்பதையும் வாங்குவதையும் குற்றமாக்கியது. எனினும் சட்டப் புத்தகத்தில் மறைந்த அடிமைத்தனம், பண்ணையாள் முறை என்ற பெயரில் களத்துமேட்டில் தொடர்ந்தது. நிலம் இல்லாதவனுக்குச் சோற்றின்மேல் உரிமை இல்லை என்பதே அதன் உட்பொருள்.

இதனை அரசின் காதுக்கு எட்டச் செய்தவர்களுள் செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த டிரெமென்கீர் ஒருவர். 1891-இல் அவர் அளித்த அறிக்கை, அம்மாவட்டத்து ஒடுக்கப்பட்ட மக்களின் பசியையும் உடையின்மையையும் குடியிருக்கும் மனைமீதும் உரிமையற்ற நிலையையும் எடுத்துரைத்தது. அதன் விளைவாக 1892-இல் பிறந்த அரசாணையின் வழியே ஒதுக்கப்பட்ட நிலங்களே பின்னர்ப் பஞ்சமி நிலங்கள் எனப்பட்டன. அந்நிலங்களுள் பல கைமாறிப் போயின. அவற்றை மீட்கும் போராட்டத்தில் 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டுக்கு இருவர் பலியாயினர். ஒரு துண்டு நிலத்தைக் கேட்பது தன் உணவைத் தானே விளைவிக்கும் உரிமையைக் கேட்பதாகும் என்பதை அவ்வுயிர்கள் நமக்கு நினைவூட்டுகின்றன.

பஞ்சமும் ஒரு பவுண்டும்

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சத்தைத் தாது வருடப் பஞ்சம் என்று நம் மூத்தோர் கூறுவர். மழை பொய்த்தது ஒரு காரணமே. விலை உயர்ந்ததும், தானியம் வெளியேறியதும், கூலி வேலை அற்றுப்போனதும் சேர்ந்தே மக்களைக் கொன்றன. சந்தையில் தானியம் இருந்தும், வாங்கக் காசில்லாதவர்களே முதலில் மடிந்தார்கள். நிலமோ சேமிப்போ இல்லாத கூலி மக்கள், அதிலும் நம் மக்கள், அம்முதல் வரிசையில் நின்றனர்.

நிவாரண வேலைகளில் சேர்ந்தவர்களுக்கு எவ்வளவு கூலி கொடுப்பது என்னும் வாதம் எழுந்தது. 1877 சனவரியில் இந்திய அரசின் சார்பில் வந்த சர் ரிச்சர்டு டெம்பிள், நாள் முழுதும் உழைக்கும் ஆண் ஒருவனுக்கு ஒரு பவுண்டு தானியமும் உப்பு, மிளகாய்க்கென்று அற்பக் காசும் போதும் என்றார். ஒரு பவுண்டு என்பது ஏறத்தாழ 450 கிராம். மண் வெட்டிச் சுமக்கும் உடலுக்கு இது போதாது என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் கடுமையாக எதிர்த்தார். பருப்பும் பிற சத்துகளும் இன்றி வெறுந்தானியத்தால் உழைப்பவன் உயிர் தரிக்க இயலாது என்பது அவர் வாதம். சில மாதங்களுக்குப் பின் கூலி உயர்த்தப்பட்டது. அதற்குள் மெலிந்து வீழ்ந்தவர்களை அவ்வுயர்வு எழுப்பவில்லை. பஞ்சத்தின் கொடுமை தாளாமல் பல்லாயிரவர் இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்குப் புறப்பட்டனர். சென்னையில் பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதியும் அந்தப் பஞ்ச காலக் கூலிகளின் உழைப்பால் வெட்டப்பட்டதே.

ஒரு மனிதனுக்கு எவ்வளவு சோறு தேவை என்பதை அவன் பசியைக் கேட்டு அறியாமல், அரசின் கணக்கைப் பார்த்து முடிவு செய்த காலம் அது. அவ்வாறு அளக்கும் மனப்பான்மை பஞ்சத்தோடு ஒழிந்துவிடவில்லை.

அரைப்படி நெல்லுக்காக

1940-களில் கீழத்தஞ்சையில் பண்ணையாட்கள் செங்கொடியின் கீழ்த் திரண்டனர். பி. சீனிவாசராவ் போன்ற தலைவர்கள் ஊர் ஊராகச் சென்று சங்கம் அமைத்தனர். அக்காலத்தில் வேலைக்குத் தாமதமாக வந்தவனுக்குச் சவுக்கடியும், சாணியைக் கரைத்து வாயில் ஊற்றும் தண்டனையும் வழங்கப்பட்டன. விளைவித்த நெல்லை ஒருவன் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அவன் கையாலேயே சாணிப்பால் குடிக்க நேர்ந்த அவலத்தை எண்ணிப் பாருங்கள். இக்கொடுமையை நிறுத்துவதும் கூலியை உயர்த்துவதும் அவர்களுடைய முதற் கோரிக்கைகளாயின. 1952-இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது இப்போராட்டங்களின் பயனே.

பின்னர்ப் புதிய வேளாண்மைத் திட்டம் வந்தது. 1960-களில் தஞ்சை மாவட்டம் தீவிரச் சாகுபடிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஆடுதுறை 27 என்னும் குறுகிய காலக் குறுவை நெல் பரவியது. விளைச்சல் பெருகிற்று, ஆனால் பெருகிய விளைச்சலுக்கேற்பக் கூலி உயரவில்லை. நெற்பொதி உயர்ந்துகொண்டிருக்கும்போது அறுத்தவனின் கலயம் அவ்வாறே இருப்பதா என்று தொழிலாளர் கேட்டனர். கூடுதலாகக் கேட்டது அரைப்படி நெல்தான். வெளியூர் ஆட்களைக் கொண்டு அறுவடை செய்யும் முயற்சி மோதலை வளர்த்தது. 1968 டிசம்பர் 25-ஆம் நாள் இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்து நாகப்பட்டினம் வட்டம் கீழ்வெண்மணியில், உயிருக்கு அஞ்சி ஒரு குடிசைக்குள் அடைக்கலம் புகுந்த 44 பேர் எரிக்கப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் ஆவர். 1973-இல் சென்னை உயர்நீதிமன்றம் நிலக்கிழார்களை விடுதலை செய்தது.

கணபதியா பிள்ளை ஆணையத்தின் பரிந்துரையின் பேரில் 1969-இல் வேளாண் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. கேட்டபோது மறுக்கப்பட்ட அரைப்படி, 44 உயிர்களின் சாம்பலுக்குப் பிறகே சட்டமாயிற்று. இளைஞர்களே! தட்டில் மீதம் வைத்துக் கொட்டும் ஒவ்வொரு கவளத்தின்போதும் இந்த அரைப்படியை நினைத்துக்கொள்ளுங்கள். இது உங்களை வருத்துவதற்காகச் சொல்வதன்று. கொட்டும் சோற்றின் விலை கடையில் எழுதப்பட்டிருக்கும் விலை அன்று என்பதை அறிவுறுத்தவே சொல்கிறோம்.

பள்ளிக்கூடத்துச் சோறு

நம் வரலாற்றில் வேறொரு பந்தியும் உண்டு. 1920-இல் பிட்டி தியாகராயர் தலைமையில் இயங்கிய சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த தன் பள்ளியில் ஏழை மாணவர்களுக்கு நண்பகல் சிற்றுண்டி வழங்க முடிவு செய்தது. பசித்த பிள்ளை பள்ளிக்கு வாரான் என்னும் எளிய உண்மையை ஒரு நிர்வாகம் ஏற்றுக்கொண்ட நாள் அது. செலவைக் காரணம் காட்டி அத்திட்டம் இடையில் தடைப்பட்டபோதும் அவ்வெண்ணம் அழியவில்லை. 1956-இல் காமராசர் ஆட்சியில் பள்ளி மதிய உணவுத் திட்டம் மாநிலம் தழுவியதாயிற்று. 1982 சூலை முதல் நாள் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டமாக அது விரிந்தது. 1989-இல் முட்டை சேர்க்கப்பட்டது. 2010 முதல் வாரத்தில் ஐந்து நாளும் முட்டை என்றாயிற்று. 2022 செப்டம்பரில் காலை உணவும் தொடங்கப்பெற்று, 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்திற்கும் விரிவாக்கப்பட்டது.

இச்சோற்றின் சிறப்பு அதன் சத்தில் மட்டும் இல்லை. எல்லாக் குழந்தைகளும் ஒரே வரிசையில் அமர்ந்து, ஒரே பானையில் வெந்த சோற்றை உண்ண வேண்டும் என்பதே அதன் பெருஞ்சிறப்பு. பல நூற்றாண்டுகளாகப் பந்தியை வைத்தே சாதியைக் காத்த சமூகத்தில் இது சிறு செயலன்று. அதனாலேயே இதற்கு எதிர்ப்பும் எழுந்தது. 2004 ஏப்ரலில் உச்சநீதிமன்றம், மதிய உணவுச் சமையலர், உதவியாளர் பணி நியமனத்தில் தலித் மக்களுக்கும் பழங்குடியினருக்கும் முன்னுரிமை தரவேண்டும் என்று ஆணையிட்டது. ஆயினும் 2018-இல் திருப்பூர் மாவட்டத்துப் பள்ளி ஒன்றில் நம் சகோதரி ஒருவர் சமைக்கலாகாது என்று பெற்றோர் சிலர் தடுத்தனர். விளைவித்த கை தொட்ட நெல் தீட்டில்லை. அறுத்த கை தொட்ட கதிர் தீட்டில்லை. அதே கை பானையைத் தொட்டால் மட்டும் தீட்டாம்! இந்த முரண்பாட்டைக் குழந்தைகளே தெளிவாகக் காண்பார்கள். பெரியோர் காண மறுக்கின்றனர்.

1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் குற்றங்களைப் பட்டியலிடும்போது, உண்ணத்தகாததை உண்ணவோ குடிக்கவோ கட்டாயப்படுத்துவதையே முதற் குற்றமாக வைத்தது. சாணிப்பாலின் வரலாற்றை அறிந்தவர்களுக்கு அவ்வரிசையின் காரணம் விளங்கும். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் நம் மக்கள் குடிக்கும் நீர்த்தொட்டியில் மலம் கலந்திருந்தது கண்டு நாடே அதிர்ந்தது. அச்சட்டத்தின் முதல் வரிக்கு இன்னும் வேலை இருக்கிறது.

விடவேண்டியதும் விடக்கூடாததும்

1927 மார்ச் 20-ஆம் நாள் டாக்டர் அம்பேத்கர் மகாடு நகரத்துச் சவுதார் குளத்தில் இறங்கி நீரை அள்ளிப் பருகினார். ஆயிரக்கணக்கானோர் அவரைத் தொடர்ந்தனர். அம்மாநாட்டிலேயே அவர் தம் மக்களை நோக்கி, செத்த மாட்டின் இறைச்சியை விட்டொழியுங்கள், பிறர் போடும் எச்சிலுக்குக் கையேந்தாதீர்கள் என்றும் வற்புறுத்தினார். பருகும் உரிமையும் மறுக்கும் மானமும் ஒரே மாநாட்டில் கற்பிக்கப்பட்டன என்பதை நாம் கூர்ந்து நோக்கவேண்டும்.

ஆனால் இப்பாடத்தை நம்முள் சிலர் தவறாகப் புரிந்துகொண்டனர். இழிவாகத் தரப்பட்டதை மறுப்பது வேறு; நாமே தேடி, நாமே சமைத்து உண்டதை இழிவென்று எண்ணுவது வேறு. எச்சிற்சோறு, கூலிக்கு ஈடாகத் தள்ளப்பட்ட செத்த கால்நடை, தேநீர்க் கடைகளில் தனியாகத் தொங்கிய சிரட்டையும் தனிக் குவளையும் ஆகியவை நம்மீது சுமத்தப்பட்டவை. அவற்றை விட்டது சரியே. எங்கேனும் எஞ்சியிருந்தால் அவற்றை ஒழிப்பது நம் கடமையே. ஆனால் கேழ்வரகுக் கூழ், கம்பஞ்சோறு, வரகரிசி, நீராகாரம், தொய்யக்கீரை, பண்ணைக்கீரை, வயல் நண்டு, நத்தை, குரவை மீன், நாம் விரும்பி உண்ணும் இறைச்சி ஆகியவை நம்மீது யாரும் சுமத்தியவை அல்ல. பசியோடு போராடிய நம் தாய்மார் தம் அறிவால் கண்டெடுத்தவை அவை. எந்தக் கீரை எந்த மாதத்தில் முளைக்கும், எது வயிற்றுக்கு இதம், பிள்ளை பெற்றவளுக்கு எதைக் கொடுப்பது என்பதையெல்லாம் அவர்கள் ஏட்டில் எழுதாமல் நெஞ்சில் வைத்திருந்தனர். தமிழன் இதழை 1907-இல் தொடங்கிய பண்டிதர் அயோத்திதாசர் சித்த மருத்துவர் என்பதையும் இங்கு நினைவுகூர வேண்டும். உடலையும் மூலிகையையும் பற்றிய அறிவு நமக்கு அயலானதன்று.

இன்றைய அறிவியலும் இதனையே கூறுகிறது. 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. அதே அளவு தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம் அளவே உண்டு. ஐக்கிய நாடுகள் அவை 2023-ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தபின், நாம் ஒளித்துக் குடித்த கூழ் நகரத்துப் பெரிய உணவகங்களில் விலையுயர்ந்த பண்டமாயிற்று. ஏழை உண்டபோது இழிவு, செல்வர் உண்டால் நலவாழ்வு என்றால், இழிவு உணவில் இருக்கவில்லை, உண்டவனைப் பார்த்த கண்ணில் இருந்தது என்பது தெளிவாகிறதன்றோ?

இன்றைய தட்டு

நியாயவிலைக் கடையின் அரிசி பட்டினியைப் பெருமளவு ஒழித்தது. 2011 முதல் அது விலையின்றி வழங்கப்படுகிறது. இதனை இலவசம் என்று ஏளனம் செய்வோர், மரக்காலின் வரலாற்றை அறியாதவர். எனினும் வயிறு நிறைவதும் உடல் வளர்வதும் ஒன்றல்ல. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் பாதிக்கு மேற்பட்டோர்க்கு இரத்தசோகை உள்ளது. பூச்சிமருந்து தெளித்த வயலில் நத்தையும் மீனும் அருகின. களைக்கொல்லி தெளித்த வரப்பில் கீரையும் முளைப்பதில்லை. அவற்றின் இடத்தைப் பொட்டலத் தின்பண்டமும் குளிர்பானமும் பிடித்துக்கொண்டன. கூலி வாங்கிய கையோடு பிள்ளைக்குப் பொட்டலம் வாங்கித் தருவதை அன்பென்று நாம் நினைக்கிறோம். பட்டினியைக் கண்டவர்களுக்கு அவ்வாறு தோன்றுவது இயல்பே, அதைப் பழிக்கவில்லை. ஆயினும் சிந்திக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

வீட்டுக்குள்ளும் ஒரு மரக்கால் உண்டு என்பதை ஆண்களாகிய நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். எல்லோரும் உண்டபின் அடிப்பானையைச் சுரண்டி உண்ணும் தாய், அந்த இரத்தசோகைக் கணக்கில் ஒருத்தி. வெளியே அளந்தவனை எதிர்த்த நாம், உள்ளே அவளுக்குக் குறைவாக அளப்பது எவ்வகையில் நியாயம்?

ஆகவே சில எளிய செயல்களை நம் இளைஞர் முன் வைக்கிறோம். நாள்தோறும் ஒரு வேளையேனும் குடும்பத்தார் அனைவரும், சமைத்தவரும் உட்பட, ஒன்றாக அமர்ந்து உண்க. உண்ணும் முன் இது எங்கு விளைந்தது, எவர் கைபட்டு வந்தது என்று பிள்ளைகளைக் கேளுங்கள். வாரத்தில் இரு நாள் கேழ்வரகோ கம்போ அடுப்பேறட்டும். பாட்டிமாரிடம் கீரைகளின் பெயர்களையும் பக்குவங்களையும் கேட்டு ஏட்டில் எழுதி வையுங்கள். அவர்களோடு அவ்வறிவும் புதைந்துவிடலாகாது. உங்கள் ஊர்ப் பள்ளியின் சத்துணவுக் கூடத்துக்குச் சென்று பாருங்கள். முட்டை வருகிறதா, எல்லோரும் ஒரே வரிசையில் அமர்கிறார்களா என்று கேளுங்கள். அது உங்கள் உரிமை.

இவ்வாண்டு முதல் நம் விடுதியில் வெள்ளிக்கிழமைதோறும் காலையில் கேழ்வரகுக் கூழும் சிறுவெங்காயமும் வழங்குவதெனச் செயற்குழு முடிவு செய்துள்ளது. முதல் வெள்ளியன்று கலயத்தில் கூழை ஊற்றிப் பரிமாறியவர், அன்று பின்சுவரோரம் மறைந்து நின்ற அதே மாணவர். இன்று அவர் ஓர் ஆசிரியர். கூடத்தின் நடுவில் அமர்ந்து, பிள்ளைகளோடு தாமும் ஒரு கலயம் குடித்தார். பிடி அரிசிக் கலயத்தை நிறைத்த நம் தாய்மாருக்கு இச்சங்கம் செலுத்தும் வெள்ளிவிழா நன்றி இதுவே என்று கருதுகிறோம்.